பேசாதவரைப் பார்ப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகப் பதிவு ஒன்றைக் கணினியில் பார்த்தேன். எதுவுமே நடக்காததுபோல் இருந்ததால் பாதிக்குப் பிறகு வேகத்தைக் கூட்டி ஓட்டிவிட்டேன். சினிமா இருக்கும்போது ஒருவர் ஏன் நாடக அரங்குக்குப் போக வேண்டும்? போகும் முன் விமரிசனங்களைப் படித்துக்கொள்ள வேண்டுமா? இந்தக் கலை இன்னும் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்? புதிதாகத் தொடங்குபவன் பார்க்க வேண்டிய ஐந்து நாடகங்களைச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

செகாவை வேகம் கூட்டி ஓட்டிவிட்டு எதுவும் நடக்கவில்லை என்று குறைப்பட உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்த நாடகத்தில் நடப்பவை பெரும்பாலும் வசனங்களுக்கு நடுவே உள்ள மௌனத்தில்தான் நடக்கின்றன. நீங்கள் தள்ளிவிட்டது அதைத்தான். ஆனாலும் அலுப்புத் தட்டியதை மறைக்காமல் எழுதிய உங்கள் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நாடகம் பார்ப்பவர் தம் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

நாடகக்கலை அழியுமா என்பது அரங்குக்குப் போகாதவர்களின் கவலை. அதை விட்டுவிடுவோம்.

சினிமாவில் யாருடைய முகத்தை, எவ்வளவு நேரம், எத்தனை அருகில் பார்க்க வேண்டும் என்பதை இயக்குநரும் படத்தொகுப்பாளரும் முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். மேடையிலும் ஒளியும் அசைவும் நம் பார்வையை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கட்டாயப்படுத்த முடியாது. இந்தச் சுதந்திரம் கையில் இருந்தும் பெரும்பாலானோர் பேசுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போகிறார்கள். பேசுகிறவரிடம் எழுதிக்கொடுத்த வசனம் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவரிடம் எதுவும் இல்லை. ஒத்திகையில் பலமுறை கேட்ட சொல்லை இன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். நடிப்பின் தரம் தெரியும் இடம் அதுவே.

1904இல் முதலில் மேடையேறிய அந்த நாடகத்தின் நான்காம் அங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் விற்றுப்போய்விட்டது, எல்லோரும் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை வாங்கிய வியாபாரி லோபாஹின், வீட்டுத் தலைவியின் வளர்ப்பு மகள் வார்யாவிடம் தன்னை மணக்கும்படி கேட்பான் என்று எதிர்பார்த்து இருவரையும் தனியே விடுகிறார்கள். அவள் மூட்டை முடிச்சுகளுக்கிடையே எதையோ தேடுவதுபோல் பாவனை செய்கிறாள். அவன் குளிரைப் பற்றிப் பேசுகிறான். வெப்பமானி உடைந்துவிட்டது என்கிறாள் அவள். வெளியே யாரோ அவனைக் கூப்பிட, அதற்காகவே காத்திருந்தவன்போல் போய்விடுகிறான். புத்தகத்தில் இது ஒரு பக்கம்கூட வராது. சிறிய குழு ஒன்று நடித்து இதைப் பார்த்திருக்கிறேன். வார்யாவாக நடித்த பெண் ஒரு சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்தார். அவன் தொண்டையைச் செருமியதும் அதையே எடுத்து உதறி மீண்டும் மடிக்கத் தொடங்கினார். குளிர் என்ற சொல் வந்ததும் விரல்கள் மடிப்பின் நடுவே நின்றன. முகம் மாறவேயில்லை. இனி அவன் கேட்கப்போவதில்லை என்பது அந்த விரல்களில் தெரிந்தது. லோபாஹினையே பார்த்திருந்த என் நண்பருக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. இதை வேகமாக ஓட்டினால் என்ன மிஞ்சும், சொல்லுங்கள்?

சோஃபோக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ பார்க்கும்போதும் பேசாதவரையே பாருங்கள். கொரிந்தியத் தூதன் ஈடிபஸின் பிறப்பைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவன் மனைவி யொகாஸ்டா வாய் திறக்காமல் நிற்கிறாள். அவன் தன் மகனே என்ற, ஈடிபஸுக்கு இன்னும் விளங்காத உண்மை அவளுக்கு விளங்கிவிடுகிறது. விஜய் டெண்டுல்கரின் ‘அமைதி! நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கிறது’ நாடகத்தில், விளையாட்டாகத் தொடங்கிய விசாரணை உண்மையாகிவிட, ஒவ்வொருவரும் பேனாரே என்ற ஆசிரியையின் அந்தரங்கத்தைக் கிளறுகிறார்கள். கிளறுகிறவர்களை விட்டுவிட்டு அவளைப் பாருங்கள். இப்சனின் ‘பொம்மை வீடு’ கடைசிக் காட்சியில், வீட்டை விட்டுப் போகிறேன் என்று நோரா பேசும்போது அவள் கணவன் முகத்தைக் கவனியுங்கள்.

விமரிசனங்களை முன்கூட்டிப் படிக்கவே படிக்காதீர்கள். பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ 1957இல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் ஏறத்தாழ 1400 கைதிகள் முன் நடிக்கப்பட்டது. படித்தவர்களையே குழப்பிய அந்த நாடகத்தை, காத்திருப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த அவர்கள் உடனே பற்றிக்கொண்டார்கள். உங்களுக்கு மட்டும் எதற்குக் கோனார் உரை? அருகில் எங்கே நாடகம் நடந்தாலும் முதலில் போய் உட்காருங்கள், நடிகர்களின் கை தெரியும் தூரத்தில். பார்த்துவிட்டு எழுதுங்கள், மற்ற நாடகங்களைப் பற்றி அப்போது பேசுவோம்.