நீச்சல் குளத்துக்கு ஜனாதிபதி கட்டிய பணம்

கேள்வி: ஜனாதிபதி பதவியில் இருக்கும்போதே ஜேக்கப் ஜூமாவைப் பணம் கட்ட வைத்ததாமே தென்னாப்பிரிக்க நீதிமன்றம்! எப்படி முடிந்தது?

பதில்: இங்காண்ட்லாவில் உள்ள அவருடைய சொந்த வீட்டுக்கு 'பாதுகாப்பு' என்ற பெயரில் அரசுப் பணம் கொட்டப்பட்டது. பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத செலவில் நியாயமான பங்கை அவரே கட்ட வேண்டும் என்று மக்கள் பாதுகாவலர் (அரசு முறைகேடுகளை விசாரிக்கும் சுதந்திரமான அதிகாரி) தூலி மடோன்செலா 2014-இல் உத்தரவிட்டார். மாட்டுத்தொழுவம், கோழிக்கூண்டு, திறந்தவெளி அரங்கம், பார்வையாளர் மையம், நீச்சல் குளம் ஆகிய ஐந்தும் அதில் அடக்கம். குளம் தீயணைக்கத்தானாம்! ஜூமா பணம் கட்டத் தேவையில்லை என்றார் காவல்துறை அமைச்சர், நாடாளுமன்றமும் தலையாட்டியது.

எதிர்க்கட்சிகள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயின. 2016 மார்ச் 31-இல் ஒருமனதான தீர்ப்பு: மக்கள் பாதுகாவலரின் உத்தரவு வெறும் பரிந்துரை அல்ல, நீதிமன்றம் ரத்து செய்யாதவரை ஜனாதிபதியையும் கட்டுப்படுத்தும். ஜூமா, நாடாளுமன்றம் இரண்டு தரப்புமே சாசனத்தை மீறியதாகவும் சொன்னது. தொகையைக் கணக்கிட நிதித்துறைக்கு 60 நாள். நீதிமன்றம் அதை ஏற்றபின் கட்ட 45 நாள். சுமார் 78 லட்சம் ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) என்று கணக்கு வந்தது. ஜூமா வங்கிக் கடன் வாங்கிக் கட்டினார்.

ஒன்றைக் கவனியுங்கள்: இது குற்றவியல் தண்டனை அல்ல. அடுத்த மாதமே வந்த பதவிநீக்கத் தீர்மானத்தை அவர் கட்சியின் பெரும்பான்மை தோற்கடித்தது. அவர் விலகியது 2018 பிப்ரவரியில்தான், அதுவும் கட்சி நெருக்கியதால்.