கெராச்சுட் ஏரியில தண்ணி எங்க போச்சு?

கேள்வி: அண்ணே, போன ஸ்கூல் லீவுல பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு தெலுக் பஹாங்ல இருக்கற பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போனோம். பந்தாய் கெராச்சுட்ல அதிசய உப்பு ஏரி இருக்குன்னு சொல்லிதான் அவ்ளோ தூரம் நடக்க வச்சேன், போய் பாத்தா தொங்கு பாலத்துக்குக் கீழ வெறும் சேறு. அப்பா ஏமாத்திட்டாருன்னு மகன் இன்னும் சொல்றான். இந்த ஏரிக்காகவா பூங்கா வச்சாங்க?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ஏமாத்தல தம்பி, சீசன் பாக்காம போயிட்டீங்க. மழை பெஞ்சாதான் மலை ஓடைத் தண்ணி வந்து தேங்கும், கடல் தண்ணியும் உள்ள ஏறும், உப்புத் தண்ணி கனமில்லையா, அது அடியில படுத்துக்கும், நல்ல தண்ணி மேல நிக்கும், ரெண்டும் கலக்கவே கலக்காது. இதுல வேடிக்கை என்னன்னா மேல குளுகுளுன்னு இருக்கும், அடியில வெதுவெதுன்னு இருக்கும். சாதாரணமா சூடான தண்ணி மேல வரும்ல, இங்க உப்போட கனம் அத மேல விடாது.

ஏரிக்காக மட்டும் வச்சதில்ல. காடு, கடலோரம், முட்டை போட வர்ற பச்சை ஆமை எல்லாத்துக்கும் சேத்துதான் 2003ல அறிவிச்சாங்க. தேசியப் பூங்கா சட்டம் 1980லயே வந்தாச்சு, அந்தச் சட்டத்துல அமைஞ்ச முதல் பூங்காவே இதான், 23 வருஷம் ஆயிருக்கு பாருங்க!

ஏரிக்காகவே வச்ச கதைன்னா கென்யாவுல நகுரு. அது சோடா உப்பு ஏரி, அதுல வளர்ற பாசியத் திங்க ஃபிளமிங்கோ லட்சக்கணக்குல வரும். 1961ல பறவை சரணாலயம், 1968ல தேசியப் பூங்கா. அப்புறம் வேலியும் போட்டாங்க, காண்டாமிருகத்துக்கு அது நல்லாவே உதவுச்சு. ஆனா ஏரிக்குத் தண்ணி வெளிய இருக்கற மாவ் மலைப் பக்கத்துலருந்துல வருது, 2010க்கு அப்புறம் தண்ணி ஏறி ஏறி பூங்காவோட பழைய கேட்டே மூழ்கிடுச்சு, உப்பு கரைஞ்சு பாசி கொறஞ்சதும் நெறைய ஃபிளமிங்கோ பொகோரியா மாதிரி வேற ஏரிக்குக் கெளம்பிடுச்சு. தண்ணிக்கு எங்க வேலி போடறது? நம்ம கெராச்சுட்ல ஏரிய ஒட்டுன மலைக்காடும் கடற்கரையும் பூங்காவுக்குள்ளயே இருக்கறது பெரிய புண்ணியம்னு நான் நெனைக்கிறேன்.

அடுத்த தடவ நல்ல மழை பெஞ்சு முடிஞ்சதும் போங்க, நடக்கறதுக்கு முன்னாடி கேட்லயே ஏரியில தண்ணி இருக்கான்னு கேட்டுக்குங்க. இல்லன்னு சொன்னாலும் திரும்பிடாதீங்க, அந்த பீச்சுலயே மீன்வளத் துறையோட ஆமை நிலையம் இருக்கு, மகன் கோவம் அங்க எறங்கிடும்.