மாப்புச்சே மொழி: கேள்வியும் பதிலும்

மாணவி ஒருவர்: மாப்புச்சே மொழி, இன்காக்கள் பேசிய கெச்சுவாவின் கிளைமொழிதானே?

இல்லவே இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் என்றதும் எல்லாவற்றையும் கெச்சுவாவோடு முடிச்சுப் போடுகிறோம். சிலியின் தென்பகுதியிலும் அர்ஜென்டினாவிலும் வாழும் மாப்புச்சே மக்களின் மொழியான மாப்புதுஙுன் எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழி. மாயன், அரவாக் மொழிகளோடு உறவு காட்டப் பார்த்தார்கள், எதுவும் நிலைக்கவில்லை. கடன் வாங்கியது மட்டும் உண்மை: நூற்றுக்குப் 'பத்தாக்கா', ஆயிரத்துக்கு 'வராங்கா' என்பவை அண்டை ஆண்டிய மொழிகளின் சொற்கள். பத்து வரை எண்கள் சொந்தம்.

வாசகர் ஒருவர்: 'ஙு' எழுத்துப் பிழையா?

பிழையில்லை. அரிச்சுவடியோடு நாம் விட்டுவிடும் ங அங்கே சொல்லின் முதலிலேயே வரும். நரி, 'ஙுரு'.

ஆசிரியர் ஒருவர்: நாம், நாங்கள் வேறுபாடு உண்டா?

கெச்சுவாவில் உண்டு, ஆண்டிஸின் இன்னொரு மொழியான அய்மாராவில் உண்டு. பராகுவேயில் பேசும் குவாரனியில் 'ஞாந்தே' நாம், 'ஓரே' நாங்கள். மாப்புதுஙுனில் கிடையாது! அதற்குப் பதில் இருமை இருக்கிறது: இருவர் என்றால் 'இன்ச்சியு', மூவர் முதல் 'இன்ச்சிஞ்'.

எனக்கு அதைவிடப் பிடித்தது வினைதான். 'பெஃபிஞ்' என்றால் அவரைப் பார்த்தேன். 'பெலாஃபிஞ்', பார்க்கவில்லை. 'பெலாயாஃபிஞ்', பார்க்க மாட்டேன். 'லா' மறுக்கிறது, 'யா' எதிர்காலம், 'ஃபி' அவரை. பெயர்ச்சொல்லையும் வினை விழுங்கிவிடும்: 'கிந்துவாக்கான்', மாடு தேடினேன். நடுவில் இருக்கும் 'வாக்கா' மாட்டுக்கான ஸ்பானியச் சொல்.

இன்னொருவர்: அழிந்துகொண்டிருக்கிறதா?

நலிந்திருக்கிறது. 2017 கணக்கெடுப்பில் சிலியில் 17 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்களை மாப்புச்சே என்றார்கள். பேசுபவர்கள் அதில் சிறு பகுதியே. 1883 வாக்கில் சிலி ராணுவம் அவர்கள் நிலத்தைப் பிடித்து முடித்தது. பின்னர் பள்ளிக்கூடம் ஸ்பானியமாயிற்று. பராகுவே 1992 அரசியலமைப்பில் குவாரனியை ஆட்சிமொழியாக்கியது. சிலியில் நாடு தழுவி அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கால்வரீனோ என்ற ஊராட்சி 2013இல் தன் எல்லைக்குள் செய்தது.

அதே மாணவி: 2021இல் சிலிக்குப் புதிய அரசியலமைப்பு எழுதக் கூடிய அவையின் தலைவராக, மாப்புச்சே பெண்ணான எலிசா லோன்கோன் 'மாரி மாரி பு லாம்ஙென்' என்று தொடங்கினாரே, பொருள் என்ன?

'மாரி மாரி' வணக்கம், 'பு' பன்மை. 'லாம்ஙென்' பெண் சொன்னால் அண்ணன் தம்பி அக்காள் தங்கை எல்லோரும் அதில் அடக்கம். ஓர் ஆண் பேசியிருந்தால் சகோதரர்களுக்கு 'பெஞி' என்று தனியே சொல்லியிருக்க வேண்டும்.