பிழையே தன் இடத்தைச் சொல்லும்

கேள்வி: ஐயா, 0, 1 என்ற பிட்டுகளாகப் போகும் தகவலோடு, ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் பாரிட்டி பிட் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், வழியில் ஒரு பிட் மாறிவிட்டதைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். ஆனால் மாறியது எந்த பிட் என்று தெரியாமல் எப்படித் திருத்துகிறார்கள்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: இதே கேள்வி 1947இல் ரிச்சர்ட் ஹாமிங்குக்குக் கோபமாக வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணித அறிஞராக இருந்த அவருக்கு, ரிலேக்களால் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளால்) ஆன கணினி வார இறுதியில்தான் கிடைக்கும். வேலை நாளில் பிழை தட்டுப்பட்டால் இயந்திரம் விளக்கை எரித்து ஆளைக் கூப்பிடும். விடுமுறையில் வருவதற்கு ஆள் இல்லை. எடுத்த கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அடுத்தடுத்த இரண்டு வாரங்கள் திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவருடைய கணக்கு முடியாமலே கிடந்தது. பிழை இருப்பதை அறிகிற இயந்திரத்தால் அது இருக்கும் இடத்தை அறிந்து திருத்த ஏன் முடியாது என்று கேட்டார். விடையை அவரே கண்டுபிடித்து 1950இல் வெளியிட்டார்.

பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த காலத்தில், இந்த இடம் வந்ததும் சாக்பீஸை மாணவர் கையில் கொடுத்துவிடுவேன். இது கண்ணால் படித்தால் பிடிபடாது, கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நீங்களும் பென்சிலை எடுங்கள், மகளே.

வரிசையாக ஏழு கட்டங்கள் போட்டு 1 முதல் 7 வரை எண்ணிடுங்கள். 1, 2, 4 ஆகிய கட்டங்களைக் காலியாக விடுங்கள். அனுப்ப வேண்டிய நான்கு பிட்டுகள் 1011 என்று வைத்துக்கொள்வோம். அவற்றை 3, 5, 6, 7ஆம் கட்டங்களில் எழுதுங்கள்.

இப்போது ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டலாகப் பிரியுங்கள். 3 என்பது 1+2. 5 என்பது 1+4. 6 என்பது 2+4. 7 என்பது 1+2+4. பிரிவில் 1 வருகிற கட்டங்கள் எல்லாம் முதல் குழு: 1, 3, 5, 7. பிரிவில் 2 வருகிறவை இரண்டாம் குழு: 2, 3, 6, 7. பிரிவில் 4 வருகிறவை நான்காம் குழு: 4, 5, 6, 7. (மூன்றாம் குழு என்று ஒன்று கிடையாது.) காலியாக விட்ட கட்டங்களை, ஒவ்வொரு குழுவிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமையும்படி நிரப்புங்கள். 0110011 என்று வரும்.

வழியில் ஆறாம் கட்டம் 1இலிருந்து 0ஆக மாறியது என்போம். வந்து சேர்ந்தது 0110001. முதல் குழுவில் இரண்டு ஒன்றுகள், சரி. இரண்டாம் குழுவில் மூன்று, தவறு. நான்காம் குழுவில் ஒன்றே ஒன்று, தவறு. தவறிய குழுக்களின் எண்களைக் கூட்டுங்கள்: 2+4=6. ஆறாம் கட்டத்தைப் புரட்டிப் போட்டால் வேலை முடிந்தது!

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. மூன்று குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்றால், மொத்தம் எட்டு விடைகள். ஏழு விடைகள் ஏழு கட்டங்களைக் காட்டுகின்றன. எட்டாவது, மூன்றும் சரி என்பது, பிழையே இல்லை என்று சொல்கிறது. ஒரு விடைகூட வீணாகவில்லை. காவலுக்கு வைத்த பிட்டே கெட்டாலும் (நான்காம் கட்டத்தை மாற்றிப் பாருங்கள்) அதுவும் பிடிபடும்.

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு பிட்டுகள் மாறிவிட்டால்?
– வாசகர், விருதுநகர்

பதில்: மேலே சொன்ன முறை ஏமாந்துவிடும். மூன்றாம், ஆறாம் கட்டங்கள் இரண்டும் மாறினால், இரண்டாம் குழுவில் இரு மாற்றங்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. முதல் குழுவும் நான்காம் குழுவும் மட்டும் தவறும். 1+4=5 என்று பார்த்து, பழுதே இல்லாத ஐந்தாம் கட்டத்தைக் கெடுத்துவைக்கும். அதனால் ஏழு கட்டங்களுக்கும் பொதுவாக எட்டாவது கட்டத்தில் ஒரு பாரிட்டி பிட்டைச் சேர்ப்பார்கள். குழுக்கள் தவறியும் எட்டுக் கட்டங்களிலும் உள்ள ஒன்றுகளின் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருந்தால், மாறியவை இரண்டு, திருத்த வழியில்லை என்று இயந்திரம் தெரிவித்துவிடும். தவறாகத் திருத்திக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். சர்வர் கணினிகளின் நினைவகத்தில் 64 பிட்டுகளுக்கு 8 காவல் பிட்டுகள் வைத்து இந்த முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

கேள்வி: மூடி முத்திரையிட்ட சிப்புக்குள் பிட் எப்படித் தானாக மாறும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் மே, வுட்ஸ் என்ற இருவர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சிப்பை மூடியிருந்த உறையிலேயே இருந்த மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் ஆல்ஃபா துகள்களை வெளிவிட்டன. அவை உள்ளே பிட்டாகச் சேமித்திருந்த மின்னூட்டத்தைக் கலைத்தன. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களாலும் இது நேரும்.

2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் நகரில், மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. அவருக்கு அத்தனை வாக்குகள் கிடைக்கவே வழியில்லை என்பதால் விஷயம் வெளியே வந்தது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது. அதாவது ஒரே ஒரு பிட்டின் மதிப்பு! மென்பொருளில் குறை எதுவும் கிடைக்காததால், நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டதுதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். வாக்கு எண்ணும் இயந்திரத்தில் திருத்தும் குறியீடு இல்லாமல் இருப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

கேள்வி: ஆதார் எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் 'செல்லாத எண்' என்று வருகிறது. அது தானே திருத்திக்கொள்ளாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆதாரின் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது. நெதர்லாந்தின் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்து இலக்கங்கள் இரண்டும் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். திருத்துவதற்கு அது போதாது. பன்னிரண்டு இடங்களில் எது தவறு, அந்த இடத்தில் வர வேண்டிய இலக்கம் எது என்று பார்த்தால் 12×9=108 வாய்ப்புகள். ஒரு காவல் இலக்கத்தால் தரக்கூடிய விடைகளோ பத்துதான். திருத்த வேண்டுமானால் குறைந்தது மூன்று காவல் இலக்கங்கள் வேண்டும். எண் பதினான்கு இலக்கமாக நீளும். அட்டை கையில் இருக்கும்போது, பார்த்து மறுபடி அடிப்பதே சுலபம்.