விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் முதல் கணினி: பட்டியலைப் பவர் சப்ளையிலிருந்து தொடங்குங்கள்

கையில் 4,000 ரிங்கிட் இருக்கிறது, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வீடு, விளையாடவும் கல்யாணக் காணொளிகளைத் தொகுக்கவும் முதன்முதலாக ஒரு கணினி அமைக்க வேண்டும், எந்தப் பாகங்களை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர்களுக்கு எல்லாரும் முதலில் திரையில் படங்களை வரைந்துகாட்டும் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரைத்தான் சொல்வார்கள். நானும் அதே வட்டாரத்துக்காரி. திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். அதே கணினியில் இரவு நேரத்தில் என் தம்பி விளையாடுகிறான். உங்கள் பட்டியலின் முதல் வரியில், சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் பவர் சப்ளையை எழுதுங்கள், அதற்கும் முன்னால் கணினியைச் செருகப்போகும் பிளக் பாயிண்டைச் சோதியுங்கள் என்பதே என் பதில்.

என் அப்பா செம்பனை ஆலையில் வயர்மேனாக வேலை செய்தவர். பழைய தோட்டத்து வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும். ஆனால் மேல் துளைக்குப் பின்னால், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பி இருக்காது, அல்லது எப்போதோ துருப்பிடித்து அறுந்திருக்கும். விளக்கும் விசிறியும் எரிவதால் யாருக்கும் அது தெரிவதில்லை. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொடும்போது விரலில் லேசாகச் சுரீரென்று இழுத்தால், அந்த வீட்டில் எர்த் சரியில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் கசியவிடும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது. உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் நம் மலேசியாவும் ஒன்று. எர்த் இல்லாத வீட்டில், கடையில் விற்கும் மின்னல் தடுப்புப் பலகை (சர்ஜ் புரொடெக்டர்) தன் வேலையைப் பாதிகூடச் செய்யாது. ஆகவே உரிமம் பெற்ற ஒரு வயர்மேனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், மோடத்திலிருந்து வரும் இணையக் கம்பியையும் சேர்த்து. மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், முதல் கணினி வாங்கப் போனபோது ஒரு கடையில் எனக்கு நேர்ந்தது. பாகங்களை நானே தேர்ந்தெடுத்து, மாடல் எண்களுடன் எழுதி, அதற்கு விலைப்பட்டியலும் வாங்கி, முன்பணமும் கட்டியிருந்தேன். துணைக்கு வந்த தம்பி அப்போது பள்ளி மாணவன். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கடைக்காரர் அவனைப் பார்த்தே பதில் சொன்னார். பணம் என் பையிலிருந்து வந்தது, பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டாகவே படவில்லை. கணினி வாங்க வரும் பெண்களுக்கு இது புதிதல்ல. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வலிக்கத்தான் செய்கிறது. கூட்டி முடித்த பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது முன்புறம் முழுக்க வண்ண விளக்குகள் சுழன்றன. பக்கவாட்டுக் கதவைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது நான் எழுதிக்கொடுத்த பவர் சப்ளை அல்ல. பெயரே கேள்விப்படாத ஒன்று, கையில் எடுத்தால் காலி டப்பா போல் இலேசாக இருந்தது, மேலே 650 வாட் என்று மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தது. வாட் சமம்தானே, விளையாட்டுக்கு இது போதும் என்றார், மறுபடியும் தம்பியைப் பார்த்து.

விலைப்பட்டியலில் உள்ள மாடல்தான் வேண்டும், இல்லையென்றால் முழுப்பணத்தையும் திருப்பித் தாருங்கள், இரண்டும் முடியாது என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுகிறேன் என்று சொன்னேன். அந்த மன்றத்தில் மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, இன்று 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுசெல்லலாம். இதைத் தெரிந்தவர் முன்னால் நிற்கிறார் என்று புரிந்ததும் பணம் திரும்பி வந்தது. பிறகு பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வந்து, வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க நானே பூட்டினேன். அந்தக் கணினி இன்றும் எனக்குச் சோறு போடுகிறது என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

பவர் சப்ளைக்கு இத்தனை பத்திகளா என்று சிலர் கேட்பார்கள். நல்லதைத்தான் வாங்கச் சொல்கிறேனே தவிர, 1000 வாட் வாங்கச் சொல்லவில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டின் மின்தேவை 170 வாட். இன்டெலின் ஐ5-12400 செயலி, அதாவது கணினியின் மூளையான சிபியு, உச்சத்தில் 117 வாட். மற்றவற்றையும் கூட்டினாலும் தரமான 550 அல்லது 650 வாட் தாராளமாகப் போதும். பெட்டியில் உள்ள 80 பிளஸ் முத்திரையைத் தரச்சான்று என்று நம்பிவிடாதீர்கள். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மின்னழுத்தம் எகிறினால் பாகங்களைக் காப்பாற்றுமா என்பதைச் சொல்வதில்லை. ஐந்தாண்டுக்குக் குறையாத உத்தரவாதம் உள்ளதா என்று பாருங்கள், அதே மாடலைப் பிரித்துச் சோதித்தவர்களின் மதிப்பீட்டைப் படியுங்கள். கழற்றி மாட்டும் கம்பிகள் உள்ள பவர் சப்ளை என்றால், வேறு நிறுவனத்தின் கம்பியை அதில் செருகவே கூடாது. முனை பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாறியிருந்தால் வன்தட்டு அங்கேயே எரிந்துவிடக்கூடும்.

செயலியைத் தேர்ந்தெடுக்குமுன் உங்கள் கேமரா எந்த வடிவில் பதிவு செய்கிறது என்று பாருங்கள். காணொளியைச் சுருக்கிப் பதியும் எச்.264, எச்.265 வடிவக் கோப்புகளைப் பிரித்துக் காட்டும் வேலையை இன்டெல் செயலிக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற பகுதி எடுத்துக்கொள்ளும். 12400 என்ற செயலியில் அது உண்டு. கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் 12400எஃப் செயலியில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாததால் அதுவும் இல்லை. விளையாட மட்டும் என்றால் எஃப் போதும். கல்யாண வேலைக்கு அந்தச் சிறு மிச்சம் பிடிக்க வேண்டாம். அதிலும் உங்கள் கேமரா எச்.265 வடிவில், நிற விவரங்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் 4:2:2 10 பிட் முறையில் பதிவு செய்தால், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளுக்கு அது வன்பொருள் வழியே பிரிக்க வராது. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ள, 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் செயலிகளுக்கு வரும். ஆனால் தொகுக்கும் மென்பொருளும் இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டும். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு பலருக்குப் போதுமானதுதான் என்றாலும், சில வசதிகள் கட்டணப் பதிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எனவே முதலில் அதைச் சரிபாருங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் பிராக்ஸி, அதாவது குறைந்த தெளிவுள்ள நகல் கோப்புகளைச் செய்துகொண்டு அவற்றில் தொகுக்கலாம். இறுதிக் கோப்பு மூலத்திலிருந்தே உருவாகும் என்பதால் தரம் குறையாது.

ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், 16 ஜிபி இரண்டு, மொத்தம் 32. ஒன்றே ஒன்றைப் போட்டால் வேகம் குறையும். எல்லாப் பாகங்களையும் பூட்டும் தாய்ப்பலகையான பி760 மதர்போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகையிலும் வருகிறது. ஒன்றுக்கான ரேம் மற்றொன்றில் நுழையாது என்பதால் கட்டணம் செலுத்துமுன் பெயரை இருமுறை படியுங்கள்.

சேமிப்பகத்தில் கணக்குப் போடாமல் இறங்காதீர்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, நான்கு மணி நேரக் கல்யாணம் என்றால் 360 ஜிபி. விற்பனைத் தொகுப்புகளில் தரும் 500 ஜிபி எஸ்எஸ்டி (வன்தட்டைவிட வேகமான சேமிப்பகம்), விண்டோஸும் இரண்டு விளையாட்டுகளும் ஏறிய பிறகு ஒரு கல்யாணத்தைக்கூடத் தாங்காது. 1 டிபி என்விஎம்இ (எஸ்எஸ்டியில் வேகமான வகை) எஸ்எஸ்டியில் நடப்பு வேலை, முடிந்ததை வைக்க ஒரு பெரிய வன்தட்டு, அதன் இன்னொரு நகல் வேறொரு வீட்டில். முகூர்த்தத்தை மறுபடியும் படம்பிடிக்க முடியாது, அதனால் இந்த இரண்டாம் நகலில் மட்டும் யாருக்காகவும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் பணத்துக்குத்தான் கிராஃபிக்ஸ் கார்டு. 1080பி திரையில் விளையாட 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டு போதும். தொகுப்புக்கு 12 ஜிபி உதவும். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி வகை ஒன்றும் உண்டு, அது வேகத்திலும் குறைந்தது. பெட்டியில் 12 என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். பயன்படுத்திய கார்டு வாங்குவதை நான் தடுக்கமாட்டேன். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயம், கிராஃபிக்ஸ் கார்டுகளால் நாணயம் தோண்டும் (மைனிங்) முறையைக் கைவிட்ட பிறகு, அந்த வேலையில் உழைத்த கார்டுகள் சந்தைக்கு நிறைய வந்தன. அவையெல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் விற்பவர் உங்கள் கண்ணெதிரே விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிக்காட்ட வேண்டும்.

மடிக்கணினி வாங்கினால் இத்தனை தொல்லை இல்லையே என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெயிலில் மணிக்கணக்கில் ரெண்டர் செய்யும்போது, அதாவது தொகுத்ததை இறுதிக் கோப்பாக்கும்போது, முன்புறம் வலையடைத்த பெரிய பெட்டியில் காற்று புகுந்து வெளியேறுவதைப் போல மெல்லிய உடம்புக்குள் நடக்காது. அதே காரணத்துக்காகவே முன்புறம் கண்ணாடி மூடிய பெட்டியையும் தவிர்க்கச் சொல்கிறேன்.

உங்கள் கேமராவின் மாடலையும், தம்பி தங்கைகளோடு விளையாட நினைக்கும் விளையாட்டுகளின் பெயர்களையும், எர்த் சோதனையில் என்ன தெரிந்தது என்பதையும் எழுதினால், 4,000 ரிங்கிட்டுக்குள் அடங்கும் முழுப் பட்டியலை மாடல் எண்களோடு போட்டுத் தருகிறேன்.