பெட்டியக் கட்டி வாசல்ல வைக்காதீங்க

இந்த தடவ வந்த லெட்டர்ல மூணு ஒரே விஷயம், விசா. நம்ம கடலூர் பாண்டி பக்கம் இது ஒண்ணும் ஆச்சரியம் இல்ல, தெருவுக்கு ஒரு வீட்டுலயாச்சும் யாரோ ஒருத்தர் பேப்பர் வரும்னு உக்காந்திருக்காங்க. அதனால சமையல் கேள்வி, மாமியார் கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு, மஞ்சக்குப்பம். 2023 தை மாசம் கல்யாணம். அவரு அமெரிக்காவுல வேலை, 2021 கடைசியிலதான் கிரீன் கார்டு வந்துச்சு. மார்ச் மாசமே என்ன அங்க கூப்பிட்டுக்க ஐ-130ன்ற பெட்டிஷன போட்டுட்டாரு, ஒரு வருஷத்துல வந்துடும்னு எல்லாரும் சொன்னாங்க, அத நம்பி ஸ்கூல் வேலைய விட்டுட்டேன். ரெண்டு மாசி மகம் போயிடுச்சு, தேவனாம்பட்டினத்துக்கு சாமியெல்லாம் வந்து தீர்த்தவாரி முடிச்சுட்டு திரும்பிப் போகுது, நான் மட்டும் நின்ன எடத்துலயே நிக்கிறேன். காய் வாங்கப் போனா கூட "இன்னும் போகலியாம்மா"ன்னு கேக்குறாங்க. நைட்டு அவருகிட்ட பேசுனா விசாவுல ஆரம்பிச்சு சண்டையில முடியுது. டூரிஸ்ட் விசாவுலயாச்சும் போய் பாத்துட்டு வரலாமா? மாமியார் குழந்தைய பத்தி கேக்குறாங்க, அத தள்ளிப் போடணுமா? பேர் போடாதீங்க.

பதில்: தங்கச்சி, நீ வேலைய விட்டேன்னு எழுதுன அந்த ஒரு வரியிலயே நான் நின்னுட்டேன். 1994-ல நானும் அதத்தான் செஞ்சேன். என் வீட்டுக்காரரு பிரெஞ்சு நேஷனாலிட்டி, நான் முத்தியால்பேட்டையில எங்க அம்மா வீட்டுல. பக்கத்து பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டாங்க, நாளைக்கே விசா வந்துட்டா பாதியில விட்டுட்டுப் போகணுமேன்னு போகல. பதினாலு மாசம். தபால்காரர் சைக்கிள் பெல் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடுறதும், ஐ.எஸ்.டி பூத்துல மீட்டர் ஓடுறத பாத்துக்கிட்டே அழுகைய அடக்கிப் பேசுறதும்தான் நான் பாத்த வேலை. அந்த பதினாலு மாச சம்பளத்துக்கு என்ன வாங்கியிருக்கலாம்னு இன்னைக்கும் சில நேரம் கணக்குப் போடுவேன், அது வேற கத.

உன் விஷயத்துல தப்பு உன் மேலயும் இல்ல அவரு மேலயும் இல்ல. கிரீன் கார்டுக்காரங்களோட பொண்டாட்டி புருஷனுக்கு எஃப்2ஏ-ன்னு ஒரு வரிசை. 2019 ஜூலையில இருந்து 2023 மார்ச் வரைக்கும் அதுல வரிசையே கெடையாது, பெட்டிஷன் பாஸானா நேரா அடுத்த வேலதான். நீங்க பேப்பர் போட்ட மறு மாசம், 2023 ஏப்ரல் விசா புல்லட்டின்ல, அதான் அமெரிக்க அரசாங்கம் மாசாமாசம் போடுற வரிசை நிலவரம், திடீர்னு ஒரு தேதியப் போட்டு, அதுக்கு முன்னாடி பெட்டிஷன் போட்டவங்களுக்கு மட்டுந்தான்னு நிறுத்திட்டாங்க. வருஷத்துக்கு இத்தன விசாதான்னு அளவு இருக்கு, ஆளு கூடிப்போச்சுன்னா அப்படித்தான் செய்வாங்க. அதனால ஒரு வருஷம்னு சொன்னவங்க யாரும் பொய் சொல்லல, அவங்கவங்க போன காலத்துக் கணக்கச் சொன்னாங்க.

இப்ப உங்களோட காத்திருப்பு எந்த மாதிரின்னு ரெண்டு பேரும் ஒரு நாள் உக்காந்து பேசிக்கங்க. கையில வேலை இருக்குற காத்திருப்புன்னு ஒண்ணு இருக்கு, ஏதோ சர்டிபிகேட் கேட்டிருப்பாங்க, நாம குடுத்திருக்க மாட்டோம். கையில எதுவுமே இல்லாத காத்திருப்பு ஒண்ணு. உன்னோடது இப்போதைக்கு ரெண்டாவது. உன் பிரையாரிட்டி டேட்ட, அதான் உன் பெட்டிஷன் போய்ச் சேந்த தேதிய, ஒரு பேப்பர்ல எழுதி பீரோ கதவுல ஒட்டு, மாசம் ஒரு தடவ புது புல்லட்டின் வந்ததும் பாரு, அவ்ளோதான். புல்லட்டின்ல போடுற தேதி சில மாசம் நகராது, சில மாசம் ஒரே தாவா தாவும், பின்னாடி கூட போகும். தினம் பத்து தடவ ஸ்டேட்டஸ் பாத்தா அது வேகமா ஓடாது, உன் ரத்த அழுத்தந்தான் ஓடும்.

ஆனா ஒரு கதவு இருக்கு, அத பத்தி உன் லெட்டர்ல ஒண்ணுமே காணோம். 2021 கடைசியில கார்டுன்னா அஞ்சு வருஷம் முடியிறதுக்கு 90 நாளு முன்னாடியே அவரு சிட்டிசன்ஷிப்புக்குப் போடலாம். அவரு சிட்டிசன் ஆன அன்னைக்கு நீ அந்த வரிசைய விட்டே வெளிய வந்துடுவ, சிட்டிசனோட மனைவிக்கு வருஷ அளவு கெடையாது. அதுவா மாறிடும்னு சும்மா இருக்கக் கூடாது, அவரு சர்டிபிகேட் வந்ததும், பெட்டிஷன் பாஸானப்புறம் கேஸ கவனிக்கிற நேஷனல் விசா சென்டருக்குத் தெரியப்படுத்தணும். இன்னொண்ணு, உன்ன பாக்கணும்னு இங்க வந்து ஆறு மாசத்துக்கு மேல தங்கிட்டாருன்னா அந்த அஞ்சு வருஷக் கணக்கே இடிக்கும். ரெண்டு வாரம், மூணு வாரம்னு வரட்டும், வந்த போர்டிங் பாஸ், எடுத்த போட்டோ, அனுப்புன பணத்தோட ரசீது எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வை, இது நெஜமான கல்யாணந்தான்னு நாளைக்கு இண்டர்வியூல சொல்லப் போறது அதுங்கதான்.

டூரிஸ்ட் விசா போடுறது உன் இஷ்டம், ஆனா 214(பி)-ன்ற சட்டப் பிரிவச் சொல்லி ரிஜெக்ட் பண்ண வாய்ப்பு ரொம்ப அதிகம். நீ திரும்பி வருவேன்னு நீதான் நிரூபிக்கணும், நீயோ அங்கயே குடியேறப் போறேன்னு ஏற்கனவே பேப்பர் போட்டு வெச்சிருக்க. பெட்டிஷன் இருக்குறத மறைச்சு மட்டும் போட்டுடாத, அது பின்னாடி பெரிய சிக்கல்ல கொண்டு போய் விடும்.

குழந்தை விஷயம் உங்க ரெண்டு பேரு முடிவு, மாமியாருக்கோ அமெரிக்காவுக்கோ அதுல ஓட்டு இல்ல. பேப்பர் கணக்கு மட்டும் சொல்றேன். எஃப்2ஏ வரிசையிலயே நீ போனா குழந்தையும் உன்கூட சேர்ந்தே வரலாம். நடுவுல அவரு சிட்டிசன் ஆகிட்டா உன் கேஸு மாறுற மாதிரி குழந்தை அதுக்குள்ள தொத்திக்க முடியாது, அதுக்குன்னு தனியா ஒரு ஐ-130 போடணும். இது தெரியாம தாய்க்கு விசா வந்து புள்ளைக்கு வராம முழிச்சவங்கள நானே பாத்திருக்கேன். இதுக்காக தள்ளிப் போடணும்னு சொல்லல, தெரிஞ்சுக்கிட்டு செய்ங்கன்றேன்.

வேலைக்கு வர்றேன். விசா வந்த அன்னைக்கே யாரும் ஃப்ளைட் ஏறுறது இல்ல. புல்லட்டின்ல உன் தேதிக்கு முறை வரணும், டாக்குமெண்ட் எல்லாம் சரின்னு சொல்லணும், இண்டர்வியூ லெட்டர் வரணும், மெடிக்கல் பாக்கணும், பாஸ்போர்ட்டுல விசா குத்தினப்புறம் கூட பெரும்பாலும் ஆறு மாசம் வரைக்கும் டைம் இருக்கும். ஸ்கூல்ல நோட்டீஸ் குடுக்க எவ்ளோ நாள் வேணும், ஒரு மாசமா? மூணு மாசம்னாலும் கேட்டு வாங்கிக் குடுத்துட்டு, பொறுமையா டிக்கெட் பாத்து, பாடலீஸ்வரருக்கு ஒரு அர்ச்சனையும் பண்ணிட்டுப் போகலாம். அதனால ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது வேலைக்குப் போ. பி.எட் பாக்கி இருந்தா அதையும் ஆரம்பி.

சண்டைக்கு ஒரே வழி, ஞாயித்துக்கெழம மட்டும் விசா பேச்சு, மத்த ஆறு நாளும் அது பேரயே எடுக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கங்க. முதல் வாரம் பேச வேற ஒண்ணுமே இல்லாம ரெண்டு பேரும் முழிப்பீங்க, பரவால்ல, என்ன சாப்ட்டீங்கன்னு கேளு. காய்கறிக்காரம்மாவுக்கு ஒரே பதில ரெடியா வெச்சுக்க: "வந்ததும் மொத ஸ்வீட்டு உங்களுக்குத்தான்." அதுக்கு மேல கேக்க மாட்டாங்க.

கேள்வி: அக்கா, நான் ஆம்பள, என்னையும் கேலி பண்றாங்கன்றதுதான் பிரச்சினை. லாஸ்பேட்டை. மனைவி பாண்டிக்காரங்கதான், பிரெஞ்சு சிட்டிசன், பாரிஸ் பக்கத்துல சார்செல்ல வேலை. இங்கயே கல்யாணம் பண்ணி ரிஜிஸ்டர் பண்ணோம். பதினொரு மாசமா அந்தக் கல்யாணம் பிரெஞ்சு கான்சுலேட் பதிவுல ஏறவே இல்ல, என் பேருல குழப்பமாம், பாஸ்போர்ட்டுல அப்பா பேரு முழுசா, மேரேஜ் சர்டிபிகேட்ல இனிஷியல் மட்டும், பர்த் சர்டிபிகேட்ல ரெண்டுமே இல்ல. "பொண்டாட்டி தயவுல பிரான்சு போறான்"னு ஃப்ரெண்ட்ஸே சொல்றானுங்க.

பதில்: தம்பி, 1962-ல பாண்டிய இந்தியாவுக்குக் குடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தப்ப, பிரெஞ்சு குடியுரிமையே இருக்கட்டும்னு எழுதிக் குடுக்க ஆறு மாசம் டைம் குடுத்தாங்க, எங்க தாத்தா "நமக்கு எதுக்குடா அது"ன்னு கையெழுத்து போடல. போட்டிருந்தாருன்னா நான் 94-ல வாசல்ல நின்னிருக்க மாட்டேன். உன்ன கேலி பண்றவங்க வீட்டுத் தாத்தாவும் போட்டிருக்க மாட்டாரு, அந்த வயித்தெரிச்சல்தான்னு எடுத்துக்க.

உன்னோடது அந்த கடலூர் தங்கச்சியோடது மாதிரி இல்ல, உன் கையில வேலை இருக்கு. பிரெஞ்சுக்காரனுக்கு குடும்பப் பேரு ஒண்ணு, சொந்தப் பேரு ஒண்ணு, நம்ம இனிஷியல் அவனுக்குப் புரியவே புரியாது. 1881 டிக்ரிக்கப்புறம் ரெனோன்சான் குடும்பங்கள்லாம், அதான் நம்ம வழக்கத்த விட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு மாறுனவங்க, குடும்பப் பேரு எடுத்துக்கிட்டாங்க, அவங்களுக்கு இந்த தலவலி இல்ல, நமக்குத்தான். யாரோ சொன்னாங்கன்னு நோட்டரிகிட்ட ஓடி அஃபிடவிட்டா அடுக்காத. எந்த பேப்பர்ல என்ன மாறணும்னு கான்சுலேட்டுக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கு, அப்புறம் முனிசிபாலிட்டில பர்த் சர்டிபிகேட்ட திருத்துறதுல இருந்து ஆரம்பி, வேர் அதுதான். மூணுலயும் ஒரு எழுத்து மாறாம ஒரே பேரு இருக்கணும். பதிவு ஏறிடுச்சுன்னா மலையே இறங்கின மாதிரி. பிரெஞ்சு சிட்டிசனோட புருஷன் பொண்டாட்டிக்கு அந்த நீண்டகால விசாவுக்கு விசா ஃபீஸே கெடையாது, போய் இறங்கி மூணு மாசத்துக்குள்ள ஆன்லைன்ல வேலிடேட் பண்ணணும், வேலைக்கும் போகலாம். "தயவு"ன்னு சொன்னவனுக்கு இதையும் சேத்து சொல்லு.

அதுவரைக்கும் சாயங்காலம் பீச் ரோட்டுல காந்தி சிலைகிட்ட உக்காந்து அதே ஃப்ரெண்ட்ஸோட அரட்டை அடிக்காம அல்லியான்ஸ் பிரான்சேஸ்ல சேந்துடு, பிரெஞ்சு சொல்லிக் குடுக்க 1889-ல ஆரம்பிச்ச எடம், எத்தன மாப்பிள்ளைங்கள பாத்திருக்கும். பிரான்சுக்குப் போனா பாஷை எவ்ளோ தெரியும்னு டெஸ்ட் வெப்பாங்க, தெரியலன்னா கத்துக்கச் சொல்வாங்க, அத இங்கயே முடிச்சுட்டா அங்க அந்த நேரத்துல வேலை தேடலாம். ஞாயித்துக்கெழம ஒரு பத்து நிமிஷம் மனைவிகிட்ட பிரெஞ்சுலயே பேசு. சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

கேள்வி: நெல்லிக்குப்பம். பையன் லண்டன்ல இருக்கான், மருமக இங்க எங்ககூட. ஸ்பௌஸ் விசா ஒரு தடவ ரிஜெக்ட் ஆயிடுச்சு. குரு பெயர்ச்சிக்கப்புறம்தான் வரும்னு ஜோசியர் சொல்றாரு. ஒருத்தரு 80 ஆயிரம் குடுத்தா உள்ள ஆளு இருக்கு, மூணே வாரத்துல முடிச்சுத் தரேன்றாரு. குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்கம்மா. உள்ள ஆளெல்லாம் யாரும் கெடையாது. சீக்கிரம் பாக்குறதுக்கு காசு வாங்குற பிரையாரிட்டி சர்வீஸ அந்த நாட்டு அரசாங்கமே வெச்சிருக்கு, கெடைக்கிற நேரத்துல மருமகளே ஆன்லைன்ல கட்டிக்கலாம், ஆனா அதுவும் சீக்கிரம் பாக்கத்தான், ஓகே பண்றதுக்கு இல்ல. எதனால ரிஜெக்ட்டுன்னு அந்த லெட்டர்லயே எழுதியிருக்கும், பையன படிக்கச் சொல்லுங்க. 2024 ஏப்ரல் 11-ல இருந்து பையனோட வருமானம் வருஷத்துக்கு 29,000 பவுண்டு இருக்கணும்னு ஏத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி 18,600தான். நெறைய பேரு அதுலதான் மாட்டுறாங்க, சம்பளம் இருந்தும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் சம்பள ஸ்லிப்பும் ஒத்துப்போகாம மாட்டுறவங்களும் உண்டு. டி.பி டெஸ்ட் சர்டிபிகேட்டும் ஆறு மாசந்தான் செல்லும், திரும்பப் போடும்போது தேதிய பாத்துக்கங்க. ஜோசியர் பாட்டுக்குச் சொல்லட்டும், குரு பெயர்ச்சி வர்றதுக்குள்ள அந்த சம்பள ஸ்லிப்ப சரி பண்ணி வெச்சுடலாம்.

அந்த ஆளு மருமகளோட ஒரிஜினல் பாஸ்போர்ட்ட "பாத்துட்டுத் தரேன்"னு வாங்கி வெச்சிருக்காருன்னா, இந்தப் புத்தகத்த மூடி வெச்சுட்டு இன்னைக்கே போய் அத வாங்கிட்டு வந்துடுங்க.