500 கிலோ கல்லை இழுக்க 5 எச்.பி. எதற்கு?

கேள்வி: மேலூர் பக்கம் கல் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி கனமுள்ள கிரானைட் கற்களை மரச் சட்டத்தில் ஏற்றி, அறுக்கும் இடத்திலிருந்து பாலிஷ் போடும் இடத்துக்கு 12 மீட்டர் சிமென்ட் தரையில் இழுக்க வேண்டும். ஆள் கிடைப்பதில்லை. வடத்தைச் சுற்றி இழுக்கும் மோட்டார் வின்ச் வாங்கலாம் என்றால் ஏஜென்ட், "எடையைத் தூரத்தால் பெருக்குங்கள், 58,800 ஜூல். 5 எச்.பி. இல்லாமல் அசையாது" என்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளோ, வேலை பூஜ்ஜியம் என்கிறாள். எது சரி?

பதில்: உங்களுக்கு வேண்டிய விடை இரண்டுமே இல்லை. ஏஜென்ட் போட்டது கல்லை 12 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் கணக்கு. அதாவது நாலு மாடி. உங்கள் கல் தரையை விட்டு எழும்பவே போவதில்லை. மகள் சொல்வது புவியீர்ப்பு விசை செய்யும் வேலை. எடை கீழ்நோக்கி, நகர்வு பக்கவாட்டில், ஆகவே பூஜ்ஜியம். அவள் சொன்னதில் தப்பில்லை. வரிக்கு வரி "உராய்வைப் புறக்கணிக்க" என்று போட்டே பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, பட்டறைக் கணக்கு வரவில்லையே என்றால் எப்படி வரும்?

நீங்கள் கேட்க வேண்டியது வடம் செய்யும் வேலை. சீராக இழுத்தால் வடத்தின் இழுப்பும் உராய்வும் சமம். அந்த விசையைத் தூரத்தால் பெருக்கினால் முடிந்தது.

முதலில் எடை. கிரானைட் கன அடிக்குச் சுமார் 76 கிலோ. உங்கள் கல் ஆறு கன அடி, 456 கிலோ. மரச் சட்டத்தையும் சேர்த்து 500 என்று வைத்துக்கொள்வோம். 9.8 ஆல் பெருக்க 4,900 நியூட்டன். கிலோவை அப்படியே போட்டால் விடை கிட்டத்தட்ட பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது உராய்வுக் குணகம், அதாவது எடையில் எத்தனை பங்கு உராய்வாகத் தடுக்கிறது என்ற எண். இதைப் புத்தக அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். கல்மாவும் தண்ணீரும் கலந்து கிடக்கும் உங்கள் தரையை எந்த அட்டவணையும் பார்த்ததில்லை. சட்டத்தின் அடியில் உள்ள அதே மரத்தில் ஒரு சின்னப் பலகை எடுத்து, பலகையோடு சேர்த்து 20 கிலோ வரும்படி கல் வையுங்கள். தொங்கு தராசை மாட்டிப் படுக்கைவாக்கில் மெதுவாக இழுங்கள். நகர்ந்துகொண்டிருக்கும்போது தராசு 9 கிலோ காட்டினால், 9 ÷ 20 = 0.45. காய்ந்த தரையில் ஒரு தடவை, ஈரத்தில் ஒரு தடவை பார்த்துப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

0.45 × 4,900 = 2,205 நியூட்டன். 12 மீட்டருக்கு 26,460 ஜூல். ஏஜென்ட் சொன்னதில் பாதிகூட இல்லை.

கிளம்பும் நொடியில் தராசு இன்னும் அதிகம் காட்டும். 12 கிலோ காட்டினால் குணகம் 0.6, இழுப்பு 2,940 நியூட்டன், அதாவது 300 கிலோ. கல் நகராத வரை வேலை பூஜ்ஜியம் என்பதால் ஜூல் கணக்கில் இது சேராது. ஆனால் வடம் இதைத் தாங்க வேண்டும். ஐந்து மடங்கு வைத்து, 1,500 கிலோவுக்குக் குறைந்து அறாத கம்பி வடமாக வாங்குங்கள்.

இனி எச்.பி. விவகாரம். ஜூலை மட்டும் சொல்லி மோட்டார் விற்கிறவரிடம் "எத்தனை நொடியில்?" என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். 5 எச்.பி. என்பது 3,730 வாட். அவருடைய 58,800 ஜூலையே சரியென்று ஒப்புக்கொண்டாலும், 16 நொடியில் வேலை முடிந்துவிடும். அரை டன் கல் பட்டறைக்குள் 16 நொடியில் 12 மீட்டர் ஓடினால் எதிரில் நிற்பவர் கதி என்ன? இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்: 26,460 ÷ 120, சுமார் 220 வாட். கியர் பாக்ஸில் பாதி வீணானாலும் 440 வாட். 1 எச்.பி. 746 வாட். நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்துக்குக் கியர் இறக்கிய 1 எச்.பி. வின்ச் கிளம்பும் இழுப்பையும் சமாளிக்கும். பெரிய மோட்டாரில் கமிஷன் அவருக்கு; மின் இணைப்பின் சுமையைக் கூட்டச் சொன்னால் விண்ணப்பம், கட்டணம், அலைச்சல் எல்லாம் உங்களுக்கு. இன்னொன்று: வின்ச்சில் எழுதியிருக்கும் இழுவைத் திறன் டிரம்மில் முதல் சுற்று அடுக்குக்கு உரியது. வடம் அடுக்கடுக்காக ஏற ஏற இழுப்பு குறையும். இதை எந்த ஏஜென்ட்டும் தானாகச் சொல்ல மாட்டார்.

குழாய் உருளை, லாரிச் சரிவு இதெல்லாம் வேறு கணக்கு, இப்போது வேண்டாம். வடத்தின் சாய்வை மட்டும் விட முடியாது. வின்ச் உயரத்தில் இருந்து வடம் 20 டிகிரி மேல்நோக்கி இழுத்தால், தரை மீது விழும் அழுத்தம் குறைந்து உராய்வும் குறையும். 20 டிகிரிக்கு cos 0.94, sin 0.342; வட இழுப்பு 2,205 ÷ (0.94 + 0.45 × 0.342), சுமார் 2,016 நியூட்டன். அதில் கிடைமட்டப் பங்குதான் வேலை செய்கிறது: 2,016 × 0.94 × 12, சுமார் 22,700 ஜூல். லாபம்தானே என்று வின்ச்சை உத்தரத்தில் கட்டிவிடாதீர்கள். கல் நெருங்க நெருங்கச் சாய்வு ஏறும். 60 டிகிரியில் இழுப்பு சுமார் 2,480 ஆகி, தரைமட்ட இழுப்பையும் தாண்டும்; சட்டத்தின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். வின்ச் தாழ்வாக இருந்து வடம் 20 டிகிரி கீழ்நோக்கி இழுத்தால் இன்னும் மோசம்: கூட்டலுக்குப் பதில் கழித்தல், சுமார் 2,800 நியூட்டன். அதே 12 மீட்டருக்கு வேலையும் 31,600 ஜூலைத் தாண்டிவிடும். கொக்கி இருக்கும் உயரத்திலேயே வின்ச்சைப் பொருத்துங்கள். கல் நிற்க வேண்டிய இடத்துக்கு மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வாங்கும்போது மோட்டார் கிலோவாட், வட வேகம், முதல் அடுக்கு இழுவை மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.